பசிபிகா மாணவருக்கான கல்லூரி ஆதரவு: எந்த இடத்தில் எது கைகொடுக்கும்?

நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில், பள்ளியின் கடைசியான பதின்மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளை உள்ள பசிபிகா வீடுகளில், அதாவது சமோவா, தொங்கா, குக் தீவு போன்ற பசிபிக் தீவுகளின் வழிவந்த வீடுகளில், ஆண்டின் நடுவே ஒரே பேச்சுதான்: அடுத்த வருஷம் எங்கே சேர்ப்பது? மேசையில் கிடக்கும் கையேடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பூமாலை போட்ட பட்டதாரிகள், பசிபிகா ஆதரவுக் குழு, குடும்பம் போன்ற சூழல். நியூசிலாந்தில் 2023 கணக்கெடுப்பின்படி பசிபிக் மக்கள் 4,42,632 பேர்; மொத்த மக்கள்தொகையில் 8.9 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் வசிப்பது ஆக்லாந்தில். ஆகவே எந்தப் பல்கலைக்கழகமும் பாலிடெக்னிக்கும் பசிபிகா ஆதரவு இல்லாமல் கடை விரிப்பதில்லை. ஆதரவு உண்டா என்று கேட்டால் எல்லா இடத்திலும் 'உண்டு' என்றே பதில் வரும். அந்தப் பதிலை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கேட்க வேண்டியது, அந்த ஆதரவு பாடத்துக்குள்ளே இருக்கிறதா, பாடத்துக்கு வெளியே இருக்கிறதா என்பதை. ஆறாவது வாரத்தில் வேதியியல் தேர்வுத்தாள் 38 மதிப்பெண்ணோடு திரும்பி வரும்போது, அந்த வேதியியலையே உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருக்கிறாரா, அல்லது தேநீர் கொடுத்து ஆறுதல் சொல்லும் அலுவலகம் மட்டும்தானா? இரண்டுமே வேண்டும்தான். ஒன்றைத்தான் நம்பிச் சேர முடியும் என்றால் முதலாவதைப் பாருங்கள். அதற்கடுத்து பணம். மூன்றாவது, பலர் கணக்கிலேயே எடுக்காத வீட்டு நேரம்.

ஆக்லாந்து பல்கலைக்கழகம்: பாடத்தோடு ஒட்டிய ஆதரவு

இங்கே மூன்று தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

முதலாவது யூடாஸ் என்ற சேர்க்கைத் திட்டம். பல்கலைக்கழக நுழைவுத் தகுதி இருக்கிறது, ஆனால் குறிப்பிட்ட பட்டத்துக்கான உறுதி மதிப்பெண்ணைத் தொடவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்காக ஒதுக்கப்பட்ட இடங்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மாணவர்கள், பசிபிக் மாணவர்கள் ஆகியோரோடு உடற்குறை உள்ளோர், அகதிப் பின்னணி உள்ளோர், வருமானம் குறைந்த குடும்பத்தினரும் இதற்குள் வருவார்கள். கதவைத் திறப்பதோடு இதன் வேலை முடிந்தது. உள்ளே போன பிறகு பாடம் சொல்லித்தருவது இதன் பொறுப்பல்ல.

இரண்டாவது துவாகனா. வழக்கமான விரிவுரை, டியூட்டோரியலுக்கு மேல், அதே பாடத்துக்குச் சிறு குழுவாகக் கூடுதல் வகுப்பு. நடத்துபவர் பெரும்பாலும் அந்தப் பாடத்தை ஓரிரு ஆண்டுகளுக்கு முன் நன்றாக முடித்த மூத்த மாணவர். ஒப்பிட்டுப் பார்த்தால், முதலாண்டுப் பிள்ளைக்கு நேரடியாக மதிப்பெண்ணில் உதவக்கூடியது இதுதான். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் கிடையாது. பெரிய முதலாண்டுப் பாடங்களில் வலுவாக இருக்கும், இரண்டாம் மூன்றாம் ஆண்டுக்குப் போகப் போக மெலியும். இன்னொரு சிக்கல் கால அட்டவணை. துவாகனா வகுப்பு நேரம் பெரும்பாலும் பருவம் தொடங்கிய பிறகே முடிவாகும். அதற்குள் மாணவர் பகுதிநேர வேலைக்கு அந்த மதிய நேரத்தைக் கொடுத்துவிட்டிருப்பார். மூன்றாம் வாரம் வரை வேலை நேரத்தைக் கெட்டியாக முடிவு செய்யாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது மாபாஸ். மருத்துவம், செவிலியம், மருந்தியல் போன்றவற்றை நடத்தும் மருத்துவ, சுகாதார அறிவியல் புலத்துக்கு மட்டும் உரியது. 1972 முதல் நடக்கிறது. விண்ணப்பிப்பவருக்கு நேர்காணல் உண்டு, கணிதத்திலும் ஆங்கிலத்திலும் சோதனை உண்டு. முடிவில் 'எங்கிருந்து தொடங்குவது உனக்கு நல்லது' என்று ஒரு பரிந்துரை வரும். நேராக முதலாண்டுப் பட்டமாக இருக்கலாம். அல்லது ஹிகிடியா தே ஓரா என்ற ஓராண்டு சுகாதார அறிவியல் அடித்தளச் சான்றிதழாக இருக்கலாம்.

இந்த அடித்தள ஆண்டைப் பல பெற்றோர் தோல்வியாகவே பார்க்கிறார்கள். 'ஒரு வருஷம் வீண்' என்ற பேச்சு கிளம்பிவிடும். பள்ளியில் வேதியியலோ இயற்பியலோ முழுதாக எடுக்காத பிள்ளையை நேராக முதலாண்டில் தள்ளினால், முதல் பருவத்திலேயே இரண்டு பாடம் போய், மதிப்பெண் சராசரி சரிந்து, மருத்துவத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பே அடைபட்டுவிடும். சரிந்த சராசரியைத் தூக்க ஓராண்டு போதாது. பரிந்துரை அடித்தளம் என்று வந்தால் அதை ஏற்பதே புத்திசாலித்தனம். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஓர் இடத்தில் பெற்ற அடித்தளச் சான்றிதழை இன்னோர் இடம் ஏற்க வேண்டிய கட்டாயம் கிடையாது. எந்தப் பட்டத்துக்குப் போகப் போகிறோமோ அந்தத் துறையிடமே 'இதை ஏற்பீர்களா, எந்த மதிப்பெண்ணோடு?' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஒட்டாகோ: வீட்டை விட்டுப் போகும் வழி

டனீடனில் உள்ள ஒட்டாகோவில் பசிபிக் தீவுகள் மையம் பொது ஆதரவைப் பார்க்கிறது; சுகாதார அறிவியல் பிரிவுக்குள் பசிபிக் மாணவர்களுக்கென்று தனிக் குழுவும் இருக்கிறது. இங்கே மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் எல்லாவற்றுக்கும் பொதுவான முதலாண்டு ஒன்று உண்டு. ஏழு கட்டாயப் பாடங்கள். அந்த ஏழிலும் எல்லாரும் ஒரே தேர்வை எழுதி, மதிப்பெண்ணில் போட்டியிட்டு இரண்டாம் ஆண்டு இடங்களைப் பிடிக்க வேண்டும். பசிபிக் மாணவருக்குத் தனி நுழைவு வகை உண்டு, ஆனாலும் குறைந்தபட்ச வரம்பைத் தொட்டே ஆகவேண்டும்.

இந்த வழியின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: வீடு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. விடுதியில் சாப்பாடு தயார், நூலகம் நடக்கும் தூரத்தில், தம்பி தங்கைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வேலை இல்லை. படிக்கும் நேரம் அப்படியே கையில் இருக்கும். மறுபக்கம், விடுதிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 டாலர். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கடைசி நேர விமானச் சீட்டு. தேவாலயமும் உறவும் கூடவே வளர்ந்த பிள்ளை முதல் குளிர்காலத்தில் சுருண்டுபோவது உண்டு. டனீடனின் ஜூன் மாதம் ஆக்லாந்துக்காரர்களுக்கு வேறு உலகம். வீட்டில் படிக்க மேசையே இல்லாத, பத்துப் பேர் வாழும் மூன்று அறை வீட்டுப் பிள்ளைக்கு, நுழைவு உதவித்தொகையும் கிடைத்தால், ஒட்டாகோவே முதல் தேர்வு. உதவித்தொகை இல்லாமல் போவது கணக்குக்கு ஒத்துவராது.

உதவித்தொகைகளின் கெடுதான் இங்கே ஆளைக் கவிழ்ப்பது. பள்ளி முடிப்பவர்களுக்கான பெரிய நுழைவு உதவித்தொகைகள் ஆகஸ்டிலேயே மூடிவிடும். விடுதி விண்ணப்பம் செப்டம்பரில். தேர்வு முடிவு வருவதோ ஜனவரி நடுவில். 'ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்' என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு இரண்டும் போய்விட்டிருக்கும்.

மனுகாவில் ஏயூடி: பயணத்தை மிச்சப்படுத்தும் வழி

ஏயூடி என்று அழைக்கப்படும் ஆக்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகம் மனுகாவில் இருக்கிறது. அதன் முக்கியமான ஆதரவு எந்தக் கையேட்டிலும் ஆதரவு என்ற தலைப்பில் வராது. அது இருக்கும் இடமே ஆதரவு. சிறிய வளாகம் என்பதால் ஆசிரியருக்கு மாணவரின் பெயர் தெரியும், சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அதே தெருக்காரர்கள்.

சேரும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: எல்லாப் பட்டங்களும் அங்கே முழுதாக நடப்பதில்லை. வீட்டுக்குப் பக்கம் என்று சேர்ந்தபின் முக்கியப் பாடத்துக்கு நகர வளாகத்துக்கோ வடக்கு வளாகத்துக்கோ போகவேண்டி வந்தால், தெற்கு வளாகத்தைத் தேர்ந்ததன் காரணமே போய்விடும். மூன்றாண்டுப் பாடத் திட்டத்தையும் எடுத்து வைத்து, எந்தப் பாடம் எந்த வளாகத்தில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக்கும் தொழில் பயிற்சியும்

மனுகாவ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை எல்லாரும் எம்ஐடி என்றே சொல்வார்கள். நாட்டின் பாலிடெக்னிக்குகளை எல்லாம் ஒன்றாக்கிய தே பூக்கெங்காவுக்குள் சில ஆண்டுகள் கரைந்திருந்துவிட்டு, இப்போது ஆக்லாந்தின் இன்னொரு பாலிடெக்னிக்கான யூனிடெக்குடன் சேர்ந்த ஒரே நிறுவனமாக 2026இல் வெளியே வந்திருக்கிறது. ஓட்டாராவில் ஒரு வளாகம். மனுகாவ் வளாகம் ரயில் நிலையத்துக்கு மேலேயே கட்டப்பட்டது, மழைக்கு நனையாமல் ரயிலிலிருந்து வகுப்புக்குப் போகலாம்.

தொழில் பயிற்சிக்குப் போகும் பசிபிகா இளைஞருக்கு 2014 முதல் மாவோரி, பசிபிகா தொழில் பயிற்சித் திட்டம் இருந்துவந்தது: 16 முதல் 40 வயது வரை, படிப்புக் கட்டணம் இல்லை, வேலை தேடித் தருவதற்கும் கூட ஆள். இதன் அரசு நிதி நிலை மாறக்கூடியது என்பதால், சேரும் ஆண்டில் இடம் உண்டா என்பதைக் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்யுங்கள்.

தச்சு, குழாய் வேலை, மின் வேலை எதுவானாலும் ஆள் சறுக்குவது வகுப்பறையில் அல்ல. ஆரம்பச் சான்றிதழை முடித்துவிடுவார்கள். அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ள முதலாளி கிடைக்க மாட்டார். கேட்டால் பாதி இடங்களில் காரணம் ஓட்டுநர் உரிமம். காலை ஆறரைக்கு பஸ் போகாத இடத்தில் கட்டட வேலை நடக்கும். கற்றல் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் தனியாக வண்டி ஓட்ட முடியாது. அடுத்த படிக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பதினாறு வயதிலேயே கற்றல் உரிமத்தை எடுத்துவைத்தால் பயிற்சி முடியும்போது சிக்கல் இருக்காது. எந்தக் கல்லூரியின் ஆதரவுக் குழு ஓட்டுநர் பயிற்சிக்கு உதவுகிறது என்பதே இங்கே நல்ல ஒப்பீட்டு அளவுகோல்.

பணம்: எந்த இடத்துக்குப் போனாலும் ஒன்றே

மாணவர்களுக்குப் பண உதவி தரும் அரசு அமைப்பான ஸ்டடிலிங்க் கொடுப்பது இரண்டு. ஸ்டூடண்ட் அலவன்ஸ் திருப்பிக் கட்ட வேண்டாதது. 24 வயதுக்குக் கீழே பெற்றோர் வருமானத்தைப் பார்ப்பார்கள். ஸ்டூடண்ட் லோன் கடன். கட்டணம், வாராந்தரச் செலவு, அதோடு முழுநேர மாணவருக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை புத்தகம், மடிக்கணினி போன்றவற்றுக்கு. அந்த ஆயிரத்தை 'இலவசப் பணம்' என்று நினைத்து வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக உண்டு. அதுவும் கடன்தான்.

நியூசிலாந்தில் வாழும்வரை இந்தக் கடனுக்கு வட்டி இல்லை. 2025-26இல் ஆண்டு வருமானத்தில் 24,128 டாலருக்கு மேற்பட்ட பகுதியில் 12 சதவீதம் பிடிப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் வட்டி ஏறத் தொடங்கும். படிப்பு முடிந்து சமோவாவின் அப்பியாவுக்கோ தொங்காவின் நுகுஅலோபாவுக்கோ திரும்பிப் போகும் எண்ணம் இருந்தால் இதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

2025 ஜனவரியில், படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கும் சலுகை முதலாண்டிலிருந்து இறுதியாண்டுக்கு மாறியது. படித்து முடித்த பிறகே, 12,000 டாலர் வரை. அண்ணன் 2019இல் முதல் வருஷம் கட்டணமில்லாமல் படித்தான் என்பதை நம்பித் தம்பி சேர்ந்தால் கணக்கு உதைக்கும்.

குடியேற்ற நிலைதான் கவனம் வேண்டிய இடம். குக் தீவுகள், நியுவே, தொக்கெலாவ் மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள். சமோவாவிலிருந்து ஆண்டுக்கு 1,100 பேர் வரும் ஒதுக்கீட்டிலோ, தொங்கா, ஃபிஜி, கிரிபாஸ், துவாலுவுக்கான திட்டத்திலோ வதிவிட உரிமை பெற்று வந்தவர் நிலை வேறு. கட்டண விஷயத்தில் அவர் உள்நாட்டு மாணவர். ஆனால் ஸ்டடிலிங்க் கடனோ அலவன்ஸோ கிடைக்க அந்த உரிமையோடு மூன்று ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். சேர்க்கைக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டு, பிப்ரவரியில் கட்டணச் சீட்டைப் பார்த்துத் திகைக்கும் குடும்பங்கள் உண்டு. மூன்று ஆண்டு நிறையாதவர் உதவித்தொகை இருந்தால் பட்டத்துக்கும், இல்லையென்றால் அப்ரண்டிஸ் வேலைக்கும் போவது நடைமுறை.

ஸ்டடிலிங்க் விண்ணப்பத்தை டிசம்பர் 16க்குள் போட்டுவிடுங்கள். தாமதத்துக்கு வழக்கமான காரணம் பெற்றோர் நிரப்ப வேண்டிய வருமானப் படிவம். அப்பா இரவு ஷிஃப்ட், அம்மா தீவுக்குப் போயிருக்கிறார் என்று அது அலமாரியிலேயே கிடக்கும்.

வீட்டு நேரம்

நியூசிலாந்துக் கணக்கில் பாடத்தின் அளவைச் சொல்லும் ஒரு புள்ளி என்பது பத்து மணி நேர உழைப்பு. 15 புள்ளிப் பாடம் 150 மணி. பருவத்தைப் பதினைந்து வாரம் என்று வைத்தால் ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி. நாலு பாடத்துக்கு நாற்பது. தெற்கு ஆக்லாந்தின் மாங்கெரேயில் இருந்து நகர வளாகத்துக்கு பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய்வர நாளுக்கு இரண்டு மணிக்கு மேல் ஆகும், வாரம் பத்து. கிடங்கு வேலை இருபது. ஆக எழுபது. இதற்குப் பிறகுதான் ஞாயிறு ஆராதனை, அதற்குப் பின் விருந்து, பாடகர் குழு ஒத்திகை, வீட்டு வேலை.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு சமோவா தேவாலயங்களில் குழந்தைகள் ஞாயிறு. அதற்குப் பல வாரம் முன்பே மாலைகளில் ஒத்திகை. வயதில் மூத்த பிள்ளைகள்தான் சிறுவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். இரண்டாம் பருவத்தின் கடைசி ஒப்படைப்புகள் விழுவதும் அதே வாரங்களில். ஆகஸ்டிலேயே தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒத்திகைப் பொறுப்பை அந்த வருஷம் இன்னொருவருக்கு மாற்றிவிட முடியும். போதகரிடம் பசிபிகா ஆதரவு அலுவலர் ஒரு வார்த்தை பேசினால் காரியம் எளிது. பொது ஆதரவு அலுவலகம் உண்மையில் கைகொடுப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

சாவுச் சடங்கும் அப்படியே. பாட்டியின் தங்கை இறந்தாலும் ஒரு வாரம் குடும்பமே அங்கே இருக்க வேண்டும், பணமும் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகப் படிவமோ 'நெருங்கிய உறவினர்' என்று கேட்கும். தேர்வு தவறினால் விண்ணப்பிக்கச் சில நாட்களே கெடு. ஒரு வாரம்தான் என்று எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. இறுதிச் சடங்கு அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உறவுமுறையை விளக்கும் கடிதம் ஒன்றை ஆதரவு அலுவலரிடம் வாங்கி இணைத்தால் பெரும்பாலும் நிற்கும்.

ஃபிஜி இந்தியர் எங்கே நிற்கிறார்கள்?

ஆக்லாந்துத் தமிழ் வட்டாரத்தில் அடிக்கடி எழும் கேள்வி இது. கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த, தமிழும் தெலுங்கும் பேசிய குடும்பங்கள் ஃபிஜியிலிருந்து வந்து இங்கே நிறைய இருக்கின்றன. நியூசிலாந்துப் புள்ளிவிவரத் துறையின் இன வகைப்பாட்டில் 'ஃபிஜி இந்தியர்' ஆசியர் என்ற தலைப்பின் கீழே வருகிறார். சேர்க்கைப் படிவத்தில் அதை மட்டும் குறித்தால், பசிபிகா ஆதரவுக் குழுவின் பட்டியலில் பெயர் ஏறாது. வரவேற்பு மின்னஞ்சல்கூட வராது. படிவத்தில் மூன்று இனம் வரை குறிக்கலாம். கலப்புக் குடும்பப் பிள்ளைகள் உண்மையான எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். ஒதுக்கீட்டு இடத்துக்கும் உதவித்தொகைக்கும் விதி இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால், அந்தந்தத் திட்டத்திடம் எழுத்தில் கேளுங்கள். கூடுதல் வகுப்பு, படிப்பு அறை போன்றவற்றில் பொதுவாக இவ்வளவு கறார் இருக்காது, போய் நின்றால் உட்காரச் சொல்வார்கள்.

பாதியில் தடுமாறினால்

வராமல் நின்றுவிடுவதுதான் மிகக் கெட்ட முடிவு. முறைப்படி விலகாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்தினால் பாடம் தோல்வி என்று பதிவாகும், கட்டணக் கடனும் நிற்கும். பெரும்பாலான இடங்களில் முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் கட்டணம் திரும்பும். அதற்குப் பிறகும் குறிப்பிட்ட தேதி வரை தோல்விப் பதிவு இல்லாமல் விலகலாம். அலவன்ஸ் தொடர, கடைசியாகப் படித்த முழுநேரப் படிப்பில் பாதிக்கு மேல் தேறியிருக்க வேண்டும். கடனுக்கும் தேர்ச்சி விதி உண்டு.

ஒரு பாடத்தை மட்டும் விடுவதாக இருந்தால் முதலில் ஸ்டடிலிங்கைக் கூப்பிடுங்கள். ஓராண்டின் முழுப் பாடச் சுமையை 1 என்று வைத்தால், முழு ஆண்டுக்கு முழுநேரம் என்பது 0.8 அளவு. எட்டுப் பாடத்தில் ஒன்றை விட்டால் 0.875, தாங்கும், இரண்டை விட்டால் 0.75, வாரப் பணம் நின்றுபோகலாம். உடல்நலம் போன்ற காரணம் இருந்தால் குறைந்த பாடத்தோடும் முழுநேரமாகக் கருதும்படி கேட்க வழி உண்டு, ஆனால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாணவர் நலன் விதித்தொகுப்பு, எல்லாப் பல்கலைக்கழகத்தையும் பாலிடெக்னிக்கையும் கட்டுப்படுத்துகிறது. ஆதரவு தருவதாகச் சொல்லிச் சேர்த்துவிட்டுத் தராத இடத்தின் மீது முதலில் அங்கேயே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் தகுதி ஆணையமான என்இசட்க்யூஏவிடம் போகலாம். கட்டணம், ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட தகராறுக்கு ஸ்டடி கம்ப்ளெயிண்ட்ஸ் என்ற தனி அமைப்பு இலவசமாக விசாரிக்கும். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது கல்லூரிக்கு நீங்கள் அனுப்பிய புகாரின் நகலையும் அதற்கு வந்த பதிலையும்தான்.